பந்து என்ன பாவம் பண்ணுச்சு, தம்பி?

தம்பி, அந்தக் கோல்ஃப் பந்து உங்களை என்ன பண்ணுச்சு? எடை 46 கிராமைத் தாண்டாது, சட்டமே அப்படித்தான் சொல்லுது. அதை அடிக்கிறதுக்கு நீங்க பல்லைக் கடிக்கிறீங்க, மூச்சை அடக்குறீங்க, கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. வீசின வீச்சுல பந்து வைக்கிற டீ பறந்துச்சு, புல்லு பறந்துச்சு, தலையில இருந்த தொப்பி பறந்துச்சு. பந்து மட்டும் உங்க முகத்துக்காக நாலடி உருண்டு நின்னுச்சு. பக்கத்துல பை தூக்கிக்கிட்டு நின்ன பையன் சிரிப்பை அடக்க முடியாம ஷூ கயிறைக் கட்ட உக்காந்துட்டான். அவன் போட்டிருந்தது செருப்பு.

நான் பை தூக்கின காலத்துல உங்களைப்போல ஆளுகளை ‘சார்’னுதான் கூப்பிடுவேன். சார்கிட்ட உண்மையைச் சொல்ல முடியாது. ‘அருமையான ஷாட் சார், காத்துதான் தள்ளிருச்சு’ன்னு சொல்லணும். காத்து மேல பழியைப் போடத் தெரியாதவன் பை தூக்குற கேடி வேலைக்கு லாயக்கில்ல. இப்ப முட்டி தேஞ்சு வீட்டோட உக்காந்தாச்சு. கூலி வாங்காத வாய்க்குப் பூட்டு எதுக்கு? அதான் தம்பின்னு கூப்பிடுறேன். கோவிச்சுக்காதீங்க. கோவம் வந்தா அதையும் கொஞ்சம் வச்சிருங்க, அடுத்த ஹோல்ல உதவும்.

கொடைக்கானல்ல கோல்ஃப் கிளப்பு ஆரம்பிச்சது 1895-ல. அன்னையில இருந்து இந்த மலையில பந்து பறக்குது, ஆளுக ஏமாறுறாங்க. போன தடவை வந்தப்ப, நந்தனத்துல போறதைவிட இங்க டிரைவர் மட்டையில பந்து இருபது யார்டு கூடப் போகுதுன்னு வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? தம்பி, இது ஏழாயிரம் அடி உயரம். காத்து லேசு. பந்துக்குத் தடுப்பு கம்மி, அதனால தூரம் போகுது. அந்த இருபது யார்டுக்கு உரிமை கொண்டாடுறதா இருந்தா மலைக்குத்தான் கப்பம் கட்டணும்.

சரி, வீச்சுக்கு வருவோம். நீங்க எல்லாத்தையும் கையாலயே முடிச்சுரலாம்னு நினைக்கிறீங்க. அது உங்க குத்தமில்ல, பழக்கம். ஆபீஸ்ல நீங்க கையெழுத்துப் போட்டா காரியம் நடக்குது, கையைக் காட்டினா டீ வருது. இங்க கை கடைசி ஆளு. அதுக்கு முன்னாடி பாதம், இடுப்பு, நெஞ்சுன்னு வரிசை இருக்கு. வரிசையில நின்னு பழக்கமில்லாதவருக்கு இந்த ஆட்டம் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

மட்டை பின்னாடி போகும்போது வரிசை மேலிருந்து கீழே. மட்டை கிளம்பும், கை போகும், தோள் திரும்பும், தோள் இழுத்த இழுப்புக்கு இடுப்பு கடைசியாத் திரும்பும். பெரிய ஆட்டக்காரங்களுக்குத் தோள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்புது, இடுப்பு அதுல பாதி, 45 டிகிரி. திரும்பி வரும்போது வரிசை தலைகீழ். பாதம், இடுப்பு, நெஞ்சு, கை, கடைசியா மட்டைத் தலை. போகும்போது கடைசியா வந்த இடுப்பு, வரும்போது முதல்ல கிளம்புது. ஸ்விங்குல இருக்கிற சூட்சுமம் அவ்வளவுதான். இதுக்குத்தான் ஊர் ஊராக் கோச்சு, கேமரா, உடம்பெல்லாம் சென்சார் ஒட்டி கம்ப்யூட்டர்ல படம். அந்தப் படத்துலயும் இதே வரிசைதான் வருது, நல்லா அடிக்கிறவன் அத்தனை பேருக்கும். வெளியில பாத்தா ஒருத்தன் ஸ்விங்குக்கும் இன்னொருத்தன் ஸ்விங்குக்கும் சம்பந்தமே இருக்காது. ஜிம் ஃப்யூரிக்குன்னு ஒரு அமெரிக்கர். மட்டையை ஆகாசத்துக்குத் தூக்கி, ஒரு சுத்து சுத்திக் கீழே கொண்டுவருவாரு. பாக்கிறவனுக்குத் தலை சுத்தும். அவரு 2003-ல யு.எஸ். ஓப்பன் ஜெயிச்சாரு, 2016-ல ஒரு ரவுண்டை 58 அடியிலயே முடிச்சாரு. அழகு எப்படியோ போகட்டும், வரிசை ஒழுங்கா இருந்துச்சு. உங்க ஸ்விங் பாக்க அழகா இருக்கு தம்பி. போட்டோ எடுத்து மாட்டலாம். ஆனா பந்து போகாது.

மேலே போன மட்டை கீழே திரும்புற அந்த இடத்தைத்தான் நான் ஆயுசு பூரா பாத்துக்கிட்டே நின்னேன். பின்னாடி போக முக்கால் நொடி, கீழே வரக் கால் நொடி. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கிற நேரம் ஒரு நொடியை ரெண்டாயிரமா வகுந்தா அதுல ஒரு பங்கு. அந்த இடத்துல யோசிச்சு எதையாவது சரி பண்ணலாம்னு நினைக்கிறது, பஸ்ஸு வத்தலக்குண்டு தாண்டினப்புறம் டிக்கெட் எடுக்கலாமான்னு கேக்குற கணக்குதான். எது நடக்கணுமோ அது மேலேயே, திரும்புற இடத்துலயே நடந்து முடிஞ்சிரணும்.

அங்க என்ன நடக்குதுன்னு சொல்றேன், ஃபோனைக் கொஞ்சம் கீழே வைங்க. நல்ல ஆட்டக்காரனுக்கு மட்டை இன்னும் பின்னாடி போய்க்கிட்டே இருக்கும். அது முடியறதுக்குள்ளயே இடது பாதம் தரையை அழுத்த ஆரம்பிச்சிரும். மேல் உடம்பு பின்னாடி போகுது, கீழ் உடம்பு முன்னாடி கிளம்பிருச்சு. அந்த ஒரு கணம் ரெண்டும் ரெண்டு திசை. அதுலதான் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல முறுக்கு ஏறுது. அந்த முறுக்கு தானா அவிழும்போது கை சும்மா கூட வருது. இடுப்பு இடது கால் பக்கமா ஒரு சாண் அளவுகூட நகர வேண்டாம், ரெண்டு மூணு அங்குலம் போதும். அப்புறம் திரும்பணும். நகராமத் திரும்பினா வலது காலிலேயே நின்னு அடிப்பீங்க. திரும்பாம நகர்ந்துக்கிட்டே போனா பந்தைத் தாண்டிப் போயிருவீங்க. நீங்க ரெண்டையும் பண்றதில்ல. நீங்க பந்தைப் பாக்குறீங்க.

மேலே போனதும் கண்ணுக்குப் பந்து தெரியுது. பந்தைக் கண்டதும் கைக்குப் பொறுக்கல. வலது தோள் முன்னாடி பாயுது, மட்டை வெளியில இருந்து உள்பக்கமா வெட்டுது, பந்து வலது பக்கம் வளைஞ்சு பைன் மரத்துக்குள்ள போகுது. உங்களுக்குத் தெரிஞ்ச பேரு ஸ்லைஸ். உடனே என்ன பண்றீங்க? வலது பக்கம்தானே போகுதுன்னு அடுத்த தடவை இடது பக்கமாத் திரும்பி நிக்கிறீங்க. அது மட்டை இன்னும் கூட வெட்டுறதுக்கு நீங்களே போட்டுக் குடுத்த ரோடு. அடுத்த பந்து பைன் மரத்தையும் தாண்டி, காட்டுமாடு மேயற இடத்துல விழுது. பந்தைத் தேட நீங்க போறதில்ல, பையனை அனுப்புறீங்க. காட்டுமாட்டுக்கு ஸ்லைஸ்னா என்னன்னு தெரியாது தம்பி, கோவம்னா என்னன்னு தெரியும்.

உங்க ஸ்விங்கை நான் பாக்கக்கூட வேணாம். நீங்க போனப்புறம் தரையைப் பாத்தாப் போதும். அயர்ன் மட்டையில அடிச்சுப் பேர்த்த புல்லுத் தழும்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு நின்னு பாருங்க. கொடி நேரா இருக்கு, உங்க தழும்பு மட்டும் இடது பக்கம் கோணிக்கிட்டு எங்கேயோ போகுது. அது தோள் முந்திக்கிட்டதுக்குச் சாட்சி. காலையில பனி இறங்கின புல்லா இருந்தா இன்னும் வசதி. வலது பாதம் நின்ன இடத்தைப் பாருங்க. ஒழுங்கா அடிச்சவனுக்குக் குதிகால் கிளம்பி, பெருவிரல் பக்கம் பனியைச் சுரண்டித் திருகின தடம் இருக்கும். உங்க தடம் அச்சுக் குத்தினபடி அப்படியே இருந்துச்சு, குதிகால் வரைக்கும் முழுசா. வலது கால் நகரவே இல்ல. அடிச்சது யாருன்னு கேட்டா, எனக்குச் சம்பந்தமில்லைன்னு காலு சொல்லிரும்.

இந்த இடுப்புச் சமாச்சாரத்தைப் புத்தகத்துல அழுத்திச் சொன்னவரு பென் ஹோகன். அமெரிக்கர். அவரும் நம்ம ஆளுதான் தம்பி, கேடி. டெக்சாஸ்ல ஃபோர்ட் வொர்த்துல ஒரு கிளப்புல பை தூக்கின பையன். அதே கிளப்புல கூடப் பை தூக்கினவன் பைரன் நெல்சன். ரெண்டு பேரும் பின்னாடி உலகத்தையே ஜெயிச்சாங்க. பை தூக்குறவனைக் கொஞ்சம் மரியாதையாப் பாருங்கன்னு சும்மாவா சொல்றேன்? நம்ம நாட்டுலயும் டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர் 1991-லயும் 1993-லயும் இந்தியன் ஓப்பன் ஜெயிச்சாரு. பெங்களூருல பை தூக்கின முனியப்பா 2009-ல அதே கோப்பையைத் தூக்கினாரு. கல்கத்தாவுல புல்லு வெட்டுறவரு மகன் சௌராசியா 2016, 2017-ன்னு அடுத்தடுத்து ரெண்டு தடவை. இவங்களுக்கெல்லாம் யாரு கத்துக் குடுத்தா? பை தூக்கிக்கிட்டும் வேலி ஓரம் நின்னும் உங்க அப்பா வயசுக்காரங்க அடிக்கிறதைப் பாத்துப் பாத்து, எப்படி அடிக்கக்கூடாதுன்னு கத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

ஹோகன் கதைக்கு வர்றேன். 1949 பிப்ரவரியில காருல போகும்போது எதிர்த்தாப்புல வந்த பஸ்ஸு மோதிருச்சு. இடுப்பெலும்பு உடைஞ்சிருச்சு. கழுத்துப் பட்டை எலும்பு, கணுக்கால், விலா எல்லாம் போச்சு. பதினாறு மாசம் கழிச்சு, காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு 1950 யு.எஸ். ஓப்பன் ஜெயிச்சாரு. அப்புறம் 1957-ல புத்தகம் போட்டாரு, அஞ்சு பாடம். அதுல கீழே வர்ற வீச்சை இடுப்பைத் திருப்பித்தான் ஆரம்பிக்கணும்னு சொல்றாரு. உடைஞ்ச இடுப்பை வச்சுக்கிட்டு அந்த மனுசன் திருப்பினாரு. உங்க இடுப்பு முழுசா இருக்கு, பெல்ட்டு வேற ரெண்டாயிரம் ரூபா, அசைய மாட்டேங்குதே.

ஆனா அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு வர்ற ஆளுகளையும் பாத்திருக்கேன். அவங்க இன்னொரு வகை. மேலே போனதும் இடுப்பைச் சட்டுன்னு திருப்பி எறிவாங்க. இடுப்பு கொடியைப் பாத்து நிக்கும், கை இன்னும் முதுகுக்குப் பின்னாடியே தொங்கிக்கிட்டு இருக்கும். கை வந்து சேர வழியில்லாம மணிக்கட்டைத் திருப்பி எப்படியோ அடிப்பாங்க. ஒண்ணு வலதுகோடி, ஒண்ணு இடதுகோடி. ஹோகனுக்கு ஆரம்ப காலத்துல பந்து இடது பக்கம் வளையறதுதான் பெரிய தொல்லை. அவரு சொன்ன மருந்து அந்த நோய்க்கு. உங்க நோய் வேற, அது வலது பக்கம். அடுத்தவன் மருந்துச் சீட்டை வாங்கி முழுங்குறதுக்கு உங்களைப்போலப் படிச்சவங்களுக்குத்தான் துணிச்சல் வருது.

இடுப்பு முதல்ல கிளம்பணும்னு சொன்னேன்ல, அதுல யாரும் வாய்விட்டுச் சொல்லாத மறுபாதி ஒண்ணு இருக்கு. கிளம்பின இடுப்பு நிக்கவும் தெரியணும். சென்சார் ஒட்டி எடுத்த படத்தைப் பேத்தி காட்டினா. மட்டை பந்தைத் தொடுறதுக்கு முன்னாடியே இடுப்போட வேகம் உச்சிக்குப் போயிட்டு இறங்க ஆரம்பிச்சிருது. அது இறங்கும்போது நெஞ்சோட வேகம் ஏறுது. நெஞ்சு இறங்கும்போது கை, கை இறங்கும்போது மட்டை. நான் சின்னப் பையனா இருந்தப்ப காட்டுல கிளி விரட்டக் கவண் சுத்துவோம். சுத்துற கை ஒரு இடத்துல வெடுக்குன்னு நின்னு கயித்தை விட்டாத்தான் கல்லு கிளம்பும். நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா கிளி சாவகாசமாத் தின்னுட்டுப் போகும். இங்கயும் அந்தக் கணக்குதான். இடுப்பு எப்படி நிக்குது? இடது கால். வளைஞ்சிருந்த இடது முட்டி நிமிர்ந்து தரையை உதைக்குது, இடுப்பைப் பிடிச்சு நிறுத்துது. அமெரிக்காவுல டூர் ஆடுற ஆளுக டிரைவர் வீசினா மட்டைத் தலை மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல போகுது. அந்த வேகம் கையில இருந்து வரல தம்பி, கை நின்னதுல இருந்து வருது. நீங்க கடைசி வரைக்கும் விடாம எல்லாத்தையும் ஒரே வேகத்துல தள்ளிக்கிட்டே இருக்கீங்க. ரிட்டயர் ஆகச் சொன்னாலும் ஆக மாட்டேங்கிற ஆளுன்னு உங்க ஸ்விங்கைப் பாத்தே தெரியுது.

அடுத்தது தலை. மைதானத்துல யாரு கேட்டாலும் கேக்காட்டியும் கிடைக்கிற இலவச உபதேசம் ‘தலையைத் தூக்காதே’. உங்க மச்சான்கூடச் சொன்னாரு, அவரு அடிச்ச பந்து இன்னும் கிடைக்கல. நானும் கூலிக்கு இருந்தப்ப சொல்லியிருக்கேன், வேற எதுவும் சொல்லத் தோணாதப்ப. ஸ்வீடன் பொம்பளப்புள்ள அனிக்கா சோரன்ஸ்டாம் மட்டை பந்தைத் தொடுறதுக்குள்ளயே தலையைத் திருப்பி முன்னாடி பாத்துரும். அந்தப் புள்ள பெரிய பட்டம் பத்து ஜெயிச்சுருச்சு, 2001-ல ஒரு ரவுண்டுல 59 அடிச்சுருச்சு. தலையை ஆணி அடிச்சு வச்சா நெஞ்சு திரும்ப இடமில்லாமப் போகும். பந்து உச்சியில பட்டு உருளுதுன்னா தலையைத் திட்டாதீங்க. பின்பக்கம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. குனிஞ்சு நின்ன ஆளு கீழே வரும்போது இடுப்பைத் திருப்பாம பந்தைப் பாத்துத் தள்ளுறாரு. இடுப்பு முன்னாடி போனா உடம்பு நிமிரும். உடம்பு நிமிர்ந்தா தலை தூக்கும். பழி தலைக்கு, வேலை பண்ணினது இடுப்பு. வீட்டுலயும் அப்படித்தானே நடக்குது.

இப்பத் தொப்பைக்கும் அதைச் சுமக்கிற முதுகுக்கும் வருவோம். முகத்தைத் திருப்பாதீங்க, அதையாவது நல்லாத் திருப்புறீங்க. 1992-ல ஜிம் மெக்லீன்னு ஒரு அமெரிக்கக் கோச்சு, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கூடக் கூடப் பந்து தூரம் போகும்னு எழுதினாரு. அதுக்கு எக்ஸ் ஃபேக்டர்னு பேரு. எழுதினதுல தப்பில்ல, அவரு அளந்தது டூர் ஆடுற ஆளுகளை. அதைப் படிச்சுட்டு அம்பது வயசுக்காரங்க இடுப்பை இறுக்கிப் பிடிச்சு நிறுத்தி, தோளை மட்டும் முறுக்க ஆரம்பிச்சாங்க. கோல்ஃப் ஆடுறவனுக்கு வர்ற வலியில முதல் இடம் கீழ் முதுகுக்குத்தான். ஏன்னா கீழ் முதுகு திரும்புறதுக்குன்னு செஞ்ச இடமே இல்ல. அங்க இருக்கிற அஞ்சு எலும்பும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரி திரும்பினா அதிகம். திரும்ப வேண்டியது ரெண்டு இடம். கீழே தொடை மூட்டு, மேலே நெஞ்சு முதுகு. இந்த ரெண்டும் துருப்பிடிச்சுப் போச்சுன்னா நடுவுல இருக்கிறது அடி வாங்கும். டைகர் உட்ஸே 2014-ல இருந்து முதுகைக் கிழிச்சுக் கிழிச்சுத் தச்சு, 2017-ல எலும்பை ஒட்ட வச்சுத்தான் 2019 மாஸ்டர்ஸை ஜெயிச்சாரு. அவருக்குக் கூட நாலு டாக்டர் இருந்தாங்க. உங்களுக்குக் கூட இருக்கிறது நாங்கதான்.

உங்க தொடை மூட்டு திரும்புதான்னு பாக்க ஸ்கேன் வேணாம். பெஞ்சுல உக்காந்து ரெண்டு முட்டியையும் சேர்த்து வைங்க. முட்டி விலகாம, பாதம் ரெண்டையும் வெளிப்பக்கம் அகட்டுங்க. இடது பாதம் நகர மாட்டேன்னு அடம் பிடிச்சா, கீழே வரும்போது இடுப்பு இடது கால் மேல திரும்ப வழி இல்லைன்னு அர்த்தம். பயப்படாதீங்க. நிக்கும்போதே இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வச்சு நில்லுங்க. ஹோகனே அப்படித்தான் நின்னாரு. பின்னாடி போகும்போது தோள் திரும்ப மாட்டேங்குதா? இடது குதிகாலைத் தூக்கிக்குங்க. குத்தம்னு எவனாவது சொன்னா ஜாக் நிக்லாஸ் பேரைச் சொல்லுங்க. குதிகாலைத் தூக்கி அடிச்ச மனுசன், 46 வயசுல, 1986-ல மாஸ்டர்ஸ் ஜெயிச்சாரு. அது அவருக்குப் பதினெட்டாவது பெரிய பட்டம். இன்னைக்கு வரைக்கும் அதை யாரும் தாண்டல. குதிகால் கிளம்பினா இடுப்பு தாராளமாத் திரும்பும், முதுகு தப்பிக்கும். கீழே வரும்போது அந்தக் குதிகாலைத் தரையில வைங்க. அதுதான் முதல் அசைவு. வேற எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம், குதிகாலை வச்சுட்டு அடிங்க. பழக்கமாகிப் போனா மேலே சொன்ன வரிசை பாதி தானா வந்துரும்.

பயிற்சி வேணும்னு கேட்டீங்க. புதுசா மெஷின் எதுவும் வாங்காதீங்க. போன மாசம் வாங்கினது எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. வீட்டுல சுவர் இருக்கும்ல? சுவருக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் லேசாச் சுவரைத் தொடுற தூரத்துல குனிஞ்சு நில்லுங்க. மட்டை வேணாம், ஃபேன்ல பட்டா ஃபேனுக்கும் செலவு. கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கிட்டு பின்னாடி திரும்புங்க, வலது பக்கம் சுவரைத் தொடணும். முன்னாடி திரும்புங்க, இடது பக்கம் தொடணும். நடுவுல சுவரை விட்டு விலகினா நிமிர்ந்துட்டீங்கன்னு அர்த்தம். வீட்டுக்காரம்மா வந்து என்ன பண்றீங்கன்னு கேப்பாங்க. அரிக்குதுன்னு சொல்லிருங்க. கோல்ஃப்னு சொன்னா இன்னும் நாலு கேள்வி வரும்.

மைதானத்துக்கு வந்தா ரெண்டு பாதத்தையும் ஒட்டி வச்சு, செவன் அயர்ன்ல பாதி வீச்சு அடிங்க. பாதம் ஒட்டியிருக்கும்போது தோள் முந்தினா நீங்களே சாய்ஞ்சு விழுவீங்க, யாரும் திட்ட வேண்டியதில்ல. விழாம அடிக்க வந்ததும் அடுத்தது. பாதத்தை ஒட்டி வச்சுக்கிட்டு மட்டையைப் பின்னாடி கொண்டுபோங்க. மட்டை இன்னும் போய்க்கிட்டிருக்கும்போதே இடது காலை எடுத்து முன்னாடி வைங்க, வச்சப்புறம் அடிங்க. ஒரு எட்டு வச்சு அடிக்கிற மாதிரிதான். மட்டை நின்னப்புறம் காலை எடுத்தீங்கன்னா பிரயோசனமில்ல. முதல்ல பந்தில்லாம பழகுங்க. பந்து இருந்தா உங்க புத்தி அங்கதான் போகும், எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் அடிச்சு முடிச்சு அப்படியே நில்லுங்க. பந்து விழுந்து நிக்கிற வரைக்கும். பெல்ட்டு பக்கிள் கொடியைப் பாக்குதா, எடை முழுக்க இடது கால்ல இருக்கா, வலது ஷூவோட அடிப்பாகம் பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரியுதான்னு பாருங்க. நீங்க இதுவரைக்கும் அடிச்ச உடனே ரெண்டடி பின்னாடி தள்ளாடி, அப்புறம் மட்டையைத்தான் முறைக்கிறீங்க. எண்பதாயிரம் ரூபா மட்டை அது. அதுக்குப் பேச வாய் இருந்தா, உங்களைப் பத்தி என்னைவிட நிறையச் சொல்லும்.

நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே வந்துருங்க, பனி காயறதுக்குள்ள. டிரைவரைக் காருலயே வச்சுட்டு செவன் அயர்ன் ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வாங்க. பைக்கு எடை கம்மிதானேன்னு கேடி கூலியில கை வைக்காதீங்க. பணத்தையும் ரொக்கமாக் கொண்டாந்துருங்க தம்பி, மலை மேல ஜிபே எடுக்காதுன்னு போன தடவை சொன்ன கணக்கே இன்னும் நிக்குது.